சாவியைத் திருப்பினால் ஒற்றை ‘டக்’ மட்டும்: செல்ஃப் மோட்டாரை மாற்றத்தான் வேண்டுமா?

பொருநைக்கரை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது ஒன்பது ஆண்டுகள் ஓடிய, 1.2 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் கொண்ட, கையால் கியர் மாற்றும் சிறிய கார். அண்மைக் காலமாகச் சாவியை ஸ்டார்ட் நிலைக்குத் திருப்பும்போது எஞ்சின் பக்கத்திலிருந்து அழுத்தமான ஒரு ‘டக்’ ஒலி மட்டும் கேட்கிறது, எஞ்சின் சுழல்வதில்லை. சாவியை விட்டு மீண்டும் மீண்டும் திருப்பினால், ஏதோ ஒரு முறை எந்தக் குறையும் இல்லாததுபோல் உடனே எடுத்துவிடுகிறது. அப்படி எடுக்கும்போது சுழற்சியில் சோர்வு சிறிதும் தெரிவதில்லை. காலையில் பெரும்பாலும் சிக்கல் இல்லை. வெயிலில் ஓட்டிவந்து நிறுத்திவிட்டுச் சற்று நேரத்தில் மறுபடி எடுக்கும்போதுதான் அடிக்கடி இவ்வாறு ஆகிறது.

ஒரு பணிமனையில் பேட்டரி போய்விட்டது என்றார்கள். புதிய பேட்டரி போட்டும் மாற்றமில்லை. இப்போது எஞ்சினைச் சுழற்றிக் கிளப்பும் செல்ஃப் மோட்டாரை முழுதாக மாற்றச் சொல்கிறார்கள். வயதான என் தாயாரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வது இந்தக் காரில்தான் என்பதால், இனியும் ஊகத்தின் பேரில் பொருளை மாற்றிக்கொண்டிருக்க எனக்கு விருப்பமில்லை. பழுது மோட்டாரில்தான் என்று உறுதிசெய்ய வழி உண்டா? மோட்டாரை வீட்டிலேயே கழற்றி மாட்ட இயலுமா? டிஜிட்டல் மல்டிமீட்டரும் ஸ்பானர் செட்டும் என்னிடம் உள்ளன.

மின்னளவி (மறுமொழி)

நண்பரே, வாங்குவதற்கு முன் அளந்து பார்க்க வேண்டும் என்று நீங்கள் நினைப்பது மிகவும் சரி. இந்த வேலையில் பணம் வீணாவது பெரும்பாலும் அளக்காமல் மாற்றுவதால்தான்.

முதலில் அந்த ஒலி எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். ஃபியூஸ் பெட்டியில் உள்ள ரிலேயும் மெல்லிய ‘டிக்’ ஒலி தரும். கீழே மோட்டாரிலிருந்தே அழுத்தமாக வருகிறது என்றால், சாவி, கிளட்ச் சுவிட்ச், ரிலே எல்லாவற்றையும் கடந்து மின்சாரம் மோட்டாரோடு சேர்ந்த மின்காந்தச் சுவிட்சான சோலனாய்டுக்கு வந்துவிட்டது, அதன் உள்ளிரும்பும் நகர்ந்துவிட்டது என்று பொருள். ‘டக்டக்டக்’ என்று விடாமல் படபடத்திருந்தால் பேட்டரியையும் அதன் முனைகளையும்தான் முதலில் ஐயப்படுவேன். சோலனாய்டுக்குள் இழுக்கும் சுருள், பிடித்து வைக்கும் சுருள் என்று இரண்டு இருக்கின்றன. உள்ளிரும்பு கடைசிவரை சென்று செம்புத் தொடுமுனைகள் சேர்ந்ததும் இழுக்கும் சுருளில் மின்னோட்டம் நின்றுவிடும்; பிடித்து வைக்கும் சுருள் மட்டுமே வேலை செய்யும். அந்த நொடியில் மோட்டார் நூறு ஆம்பியருக்கு மேல் இழுப்பதால், பலவீனமான பேட்டரியின் வோல்ட் சரிந்து பிடி விட்டுப்போகிறது. சுமை நீங்கியதும் வோல்ட் ஏறி மறுபடி இழுக்கிறது. அந்தப் படபடப்பு அதனால் வருவது. உங்கள் கார் தருவது ஒற்றை ‘டக்’, கதை வேறு.

இனி அளவுகள். கார் சில மணி நேரம் நின்ற பிறகு பேட்டரி 12.6 வோல்ட் அளவில் இருந்தால் நிறைந்த நிலை, 12.2 என்றால் ஏறக்குறையப் பாதி. ஓய்வில் நல்ல அளவு காட்டும் பேட்டரிகூடச் சுமையில் விழக்கூடும் என்பதால், சுழலும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்குகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். அடுத்து, வேறொருவரைச் சாவி திருப்பச் சொல்லிவிட்டு, பேட்டரியின் பாசிட்டிவ் கம்பத்துக்கும் மோட்டாரில் தடித்த கேபிள் வந்து சேரும் போல்ட்டுக்கும் இடையே எத்தனை வோல்ட் விழுகிறது என்று பாருங்கள். அரை வோல்ட்டைத் தாண்டினால் கேபிளிலோ இணைப்பிலோ தடை இருக்கிறது. மோட்டாரின் உடலுக்கும் பேட்டரியின் நெகட்டிவ் கம்பத்துக்கும் இடையே 0.3 வோல்ட்டுக்கு மேல் வந்தால் எர்த்துப் பட்டையைப் பாருங்கள். மீட்டரின் முனையைக் கிளாம்பின் மேல் வைக்காமல் ஈயக் கம்பத்தின் மேலேயே வைப்பது அவசியம். கிளாம்புக்கும் கம்பத்துக்கும் நடுவில் பூத்திருக்கும் பொடிதான் பல நேரங்களில் முழுப் பழுதும்.

இந்த இரண்டு அளவுகளையும் எஞ்சின் சுழலும் வேளையில் எடுத்தால்தான் செல்லும். வெறும் ‘டக்’ ஆகும்போது பெரிய மின்னோட்டமே ஓடாததால், அரை உயிராக இருக்கும் கேபிளும் நல்லதுபோலவே காட்டும்.

பழுது நேரும் வேளையில் எடுக்க வேண்டியவை வேறு. 50 என்று எண் இட்ட சிறிய கம்பியின் முனை, 30 என்ற தடித்த போல்ட், சோலனாய்டிலிருந்து மோட்டாருக்குள் செல்லும் மற்றொரு போல்ட் ஆகிய மூன்றிலும் வோல்ட்டைக் குறித்துக்கொண்டு வாருங்கள்.

அளக்கும்போது கியர் நியூட்ரலில் இருக்கட்டும். கைபிரேக்கைப் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். பழுது நேரும்போது எடுக்கும் அளவுகளுக்கு எஞ்சின் பற்றத் தேவையில்லை என்பதால் எரிபொருள் பம்பின் ஃபியூஸை எடுத்துவிடலாம். ஸ்க்ரூ டிரைவரால் 30-ஐயும் 50-ஐயும் சேர்த்துத் தொடும் வழக்கத்தைத் தயவுசெய்து பின்பற்றாதீர்கள். கியரில் நிற்கும் கார் அப்படியே ஆளின் மேல் ஏறிவிடும்.

பொருநைக்கரை

மிக்க நன்றி ஐயா. நீங்கள் சொன்னபடியே அளந்தேன். ஒலி மோட்டாரிலிருந்துதான் வருகிறது.

ஓய்வில் பேட்டரி 12.6. எஞ்சின் சுழலும்போது 10.6. பாசிட்டிவ் பக்க இழப்பு 0.25. எர்த்துப் பக்கம் 0.45 இருந்தது, கியர் பெட்டியில் முடியும் பட்டையைக் கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து மாட்டியதும் 0.12 ஆகிவிட்டது. ஆனாலும் வண்டி சூடானதும் பழைய ‘டக்’ மறுபடி வந்தது. அப்போது பேட்டரி 12.3, தடித்த போல்ட் 12.2, சிறிய முனை 11.6 காட்டின. மோட்டாருக்குள் செல்லும் போல்ட்டில் அரை வோல்ட்கூட இல்லை.

நான்கு வழிச்சாலை (மறுமொழி)

வழியில் நின்றுவிட்டால் ஒருவர் சாவியைத் திருப்பிப் பிடித்திருக்க, இன்னொருவர் மோட்டாரைச் சுத்தியலால் இரண்டு தட்டு தட்டினால் எடுத்துவிடும் என்று ஓட்டுநர்கள் சொல்வார்கள். மோட்டாரின் சுழலும் பகுதிக்கு மின்சாரம் தரும் கார்பன் பிரஷ் தேய்ந்திருந்தால் நகர்ந்து உட்காரும் என்பது காரணம். அவசரத்துக்கு இதைச் செய்து பார்க்கலாமே. உங்கள் கார் கையால் கியர் மாற்றும் வகை என்பதால், இரண்டாம் கியரில் தள்ளியும் எடுக்கலாம்.

ஆர்மேச்சர் (மறுமொழி)

ஆட்டோ எலக்ட்ரிக்கல் பட்டறையில் செல்ஃப் மோட்டார்களைப் பிரித்துச் சரிசெய்வது என் தொழில். முதலில் மேலே சொன்ன சுத்தியலைப் பற்றி. இன்றைய சிறிய கார்கள் பலவற்றின் மோட்டாரில் காந்தப்புலம் உண்டாக்கும் புலச்சுருள் இருக்காது. உறையின் உட்புறத்தில் நிலைக்காந்தங்கள் ஒட்டப்பட்டிருக்கும். பலமாக அடித்தால் அவை உடைந்து, சுழலும் பகுதியான ஆர்மேச்சரோடு சிக்கும். அதன்பின் மோட்டாரை எறியத்தான் வேண்டும். வேறு வழியே இல்லாத இடத்தில் மரக்கைப்பிடியால் மெல்லத் தட்டலாம். அதற்கு மேல் வேண்டாம். தள்ளி எடுப்பதில் தவறில்லை. ஆனால் நெடுநேரம் எடுக்காமல் தள்ளிக்கொண்டே இருந்தால் எரியாத பெட்ரோல், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போகும்.

இப்போது உங்கள் அளவுகள். பேட்டரி 12.3-இல் நிற்கிறது என்பதால் பெரிய மின்னோட்டம் ஓடவில்லை. தடித்த போல்ட்டில் 12.2 வந்து நிற்க, அதற்கு அடுத்த போல்ட்டில் ஏறக்குறைய ஒன்றுமில்லை. நடுவில் இருப்பது சோலனாய்டுக்குள் உள்ள செம்புத் தொடுமுனைகளும் அவற்றைச் சேர்க்கும் தட்டும் மட்டுமே. அவை கருகிவிட்டன. பிரஷ் முழுவதுமாகத் தேய்ந்து தொடர்பு அறுந்திருந்தால், இழுக்கும் சுருள் மோட்டாரின் வழியாகத்தான் எர்த்து பெறுகிறது என்பதால், இவ்வளவு அழுத்தமான ‘டக்’ வந்திருக்காது; அந்தப் போல்ட்டிலும் வோல்ட் ஏறி நின்றிருக்கும். எனவே உங்கள் மோட்டார் உயிரோடு இருக்கிறது. பழுது சோலனாய்டில்.

சூட்டில் மிகுவதற்கும் காரணம் உண்டு. செம்புச் சுருளின் தடை ஒவ்வொரு டிகிரி செல்சியஸுக்கும் ஏறக்குறைய 0.4 விழுக்காடு கூடும். எஞ்சின் சூட்டில் 60 டிகிரி ஏறினால் மின்னோட்டம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். இழுவை குறைந்ததும், ஏற்கெனவே தேய்ந்த தொடுமுனைகள் அழுந்திச் சேர்வதில்லை. பழுது நீக்கும்வரை ‘டக்’ ஆனதும் உடனே சாவியை விட்டுவிடுங்கள். தொடுமுனை சேராத நிலையில் இழுக்கும் சுருளில் மின்னோட்டம் நிற்காமல் ஓடி, சுருளே எரிந்துவிடும்.

முழு மோட்டாரையும் மாற்றச் சொன்னதில் கெட்ட எண்ணம் இருப்பதாக நான் கருதவில்லை; கழற்றுவதற்கான உழைப்பு இரண்டுக்கும் ஒன்றே என்பதால் பலர் அப்படிச் சொல்வதுண்டு. ஆனால் ஆர்மேச்சர் நல்ல நிலையில் இருக்கும்போது, தரமான புதிய சோலனாய்டும் பிரஷ் செட்டும் ஆர்மேச்சர் தண்டைத் தாங்கும் புஷ்களும் போட்டுக்கொடுத்தால் அந்த மோட்டார் இன்னும் பல ஆண்டுகள் உழைக்கும் என்பது என் உறுதியான கருத்து. புஷ் தேய்ந்தால் ஆர்மேச்சர் சாய்ந்து காந்தத்தை உரசும். அப்போது சுழற்சி சோர்ந்து மின்னோட்டம் ஏறுவதைப் பார்த்து மீண்டும் பேட்டரியைத்தான் குறை சொல்வார்கள். ஆகவே கழற்றிய கையோடு அதையும் பாருங்கள். பிரஷ் உரசும் கம்யூட்டேட்டர் கட்டைகள் கருகியோ ஆழமாகப் பள்ளம் விழுந்தோ இருந்தால் மட்டும் முழு மோட்டாராக வாங்குங்கள். பெயர் தெரியாத மலிவான மோட்டாரைவிட, உங்கள் பழைய மோட்டாரை ஒழுங்காகச் சரிசெய்ததே மேல்.

மின்னளவி

வீட்டில் கழற்றுவது இயலும். பல சிறிய கார்களில் காற்று வடிகட்டியின் குழாயை எடுத்தாலே மேலிருந்து கை எட்டும். கீழிருந்து அணுக வேண்டியிருந்தால் ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் படுக்காதீர்கள்; தாங்கு ஸ்டாண்டு கட்டாயம்.

எஞ்சின் ஆறிய பிறகு பேட்டரியின் நெகட்டிவ் முனையை முதலில் கழற்றுங்கள். மோட்டாரின் தடித்த கேபிளில் சாவியோ ஃபியூஸோ குறுக்கிடாமல் மின்சாரம் எப்போதும் நிற்பதால், இந்த ஒன்றை விட்டுவிட்டு ஸ்பானர் வைத்தால் அது பாடியைத் தொட்டதும் தீப்பொறி பறந்து கையைச் சுட்டுவிடும். பிறகு கம்பிகள் இருக்கும் நிலையைப் படம் எடுத்துக்கொண்டு, தடித்த கேபிளின் நட்டையும் சிறிய இணைப்பையும் எடுங்கள். மோட்டாரைக் கியர் பெட்டியோடு பிடித்திருப்பவை இரண்டோ மூன்றோ போல்ட்டுகள். ஆண்டுக்கணக்கில் சூடுபட்டு இறுகியிருக்கும் என்பதால், துரு நீக்கும் எண்ணெய் தெளித்து ஊறவிட்டு, நீளக் கைப்பிடியால் நிதானமாகத் திருப்புங்கள். கடைசிப் போல்ட் கழலும்போது மோட்டாரை ஒரு கையால் தாங்கிக்கொள்ள வேண்டும். பார்ப்பதைவிட எடை அதிகம்.

மோட்டாரை எடுத்ததும் அந்தத் துளை வழியாக எஞ்சினின் கனச் சக்கரமான ஃப்ளைவீலைச் சுற்றியுள்ள ரிங் கியர் பற்களை டார்ச் அடித்துப் பாருங்கள். நான்கு சிலிண்டர் எஞ்சின் நிற்கும்போது அழுத்தத்தின் காரணமாகப் பெரும்பாலும் எதிரெதிரான இரண்டு இடங்களிலேயே வந்து நிற்கும். ஆகவே தேய்மானமும் அந்த இரண்டு இடங்களில் குவிந்திருக்கும். கிரான்க் புல்லியின் நட்டில் ஸ்பானர் வைத்துச் சிறிது சிறிதாகத் திருப்பி முழுச் சுற்றையும் பார்க்க வேண்டும். மோட்டார் முனையில் உள்ள சிறு பற்சக்கரமான பினியனைக் கையால் சுற்றினால் ஒரு பக்கம் தடையின்றிச் சுழல வேண்டும், மறுபக்கம் ஆர்மேச்சரையும் சேர்த்து இழுக்க வேண்டும். இரு பக்கமும் வெறுமனே சுழன்றால், பினியனை ஒரு பக்கம் மட்டும் பற்றும் பெண்டிக்ஸ் போய்விட்டது.

மாட்டும்போது பெரும்பாலோர் கவனிக்காத இடம் மோட்டாரும் கியர் பெட்டியும் சேரும் முகம். மோட்டாருக்கு எர்த்து கிடைப்பது அந்த உலோகத்தின் வழியாகத்தான். இரு பக்கமும் பளிச்சென்று தேய்த்துத் துடையுங்கள். அங்கே பெயிண்ட் இருக்கக்கூடாது. போல்ட்டுகளைக் கையால் நேராக ஏற்றிவிட்டு, உங்கள் காரின் சர்வீஸ் கையேட்டில் உள்ள அளவுக்கு இறுக்குங்கள். பேட்டரியின் நெகட்டிவ் முனை கடைசியில் வர வேண்டும்.

மாட்டி முடித்ததும், எஞ்சின் சுழலும்போது பாசிட்டிவ் பக்கம் 0.25, எர்த்துப் பக்கம் 0.12, பேட்டரி 10.6 ஆகிய பழைய அளவுகளோடு புதியவற்றை ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு முறைக்குப் பத்து வினாடிக்கு மேல் செல்ஃப் அடிக்காமல், அரை நிமிடமாவது இடைவெளி விடுங்கள். சூட்டில்தான் பழுது வந்தது என்பதால், காரை நன்றாக ஓட்டிச் சூடாக்கி நிறுத்திவிட்டு அந்த நிலையிலும் எடுத்துப் பார்க்க வேண்டும். ஒருவேளை முழு மோட்டாராகவே வாங்க நேர்ந்தால், பினியன் பற்களின் எண்ணிக்கையையும் போல்ட் துளைகளையும் பழையதோடு கடையிலேயே வைத்து ஒத்துப்பார்த்து வாங்குங்கள்.