எடித் ஹெட்டின் எட்டு ஆஸ்கர்களில் அவருடையவை எத்தனை?

பழையபடம்:
ஆடை வடிவமைப்புக்காக எட்டு ஆஸ்கர் விருதுகளைப் பெற்ற எடித் ஹெட்டை ஹாலிவுட்டின் தலைசிறந்த ஆடைக் கலைஞராகக் கொண்டாடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. 1954இல் வெளிவந்த 'சப்ரினா'வில், பாரிஸிலிருந்து திரும்பியபின் ஆட்ரி ஹெப்பர்ன் அணியும் புகழ்பெற்ற ஆடைகள் பிரெஞ்சு ஆடை வடிவமைப்பாளர் ஜிவான்ஷியின் கைவண்ணம். ஆனால் திரையில் ஜிவான்ஷியின் பெயரே இல்லை. விருது எடித் ஹெட்டுக்குப் போயிற்று. 1920களில் பாரமவுண்ட் ஸ்டுடியோவில் வேலை கேட்டுச் சென்றபோதே, கலைப்பள்ளியில் உடன் பயின்றவர்களின் ஓவியங்களைத் தம்முடையவை போலக் காட்டியவர் அவர். இதைப் பிற்காலத்தில் அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார்.

ஊசிநூல்:
'சப்ரினா'வுக்காக நான் வாதாட வரவில்லை, ஐயா. ஆனால் 1941இல் வந்த 'தி லேடி ஈவ்' படத்தைப் பாருங்கள். நாயகி பார்பரா ஸ்டான்விக்கின் இடை நீளமானது, பின்பகுதி தாழ்ந்தது. அதனால் அவருக்குக் கவர்ச்சியான உடைகள் பொருந்தா என்ற எண்ணம் இருந்தது. எடித் ஹெட் இடுப்புப் பட்டையை முன்பக்கம் அகலமாகவும் பின்பக்கம் சற்றுக் குறுகலாகவும் வெட்டி அந்தக் குறையைக் கண்ணுக்கே தெரியாமல் மறைத்தார். தையல் மேசையில் ஒரு நாளாவது உட்கார்ந்தவருக்கு இதன் அருமை விளங்கும்.

பழையபடம்:
அது தேர்ந்த தையற்கலை, மறுக்கவில்லை. நான் கேட்பது கற்பனையை. 'ஆல் அபவுட் ஈவ்' படத்தில் பெட்டி டேவிஸின் தோள் தெரியும் அந்தக் கவுன், அளவு தவறிப்போய், டேவிஸே கீழே இழுத்துவிட்டுக்கொண்டதால் அமைந்தது. 'வெர்டிகோ'வின் சாம்பல் நிற உடுப்பிலோ பிடிவாதம் இயக்குநர் ஹிட்ச்காக்கினுடையது.

ஊசிநூல்:
நிறத்தை இயக்குநர் சொல்லலாம். எந்தத் துணி, எவ்வளவு இறுக்கம் என்பதை வடிவமைப்பாளர்தானே தீர்மானிக்க வேண்டும்? அந்த உடுப்பையும் கறுப்புக் காலணியையும் படத்தின் நாயகி கிம் நோவாக் முதலில் வேண்டாம் என்றார். அந்த விறைப்பும் அசௌகரியமுமே பாத்திரமாக நடிக்கத் தமக்கு உதவின என்று பின்னாளில் அவரே கூறினார்.

மூன்றாம்வரிசை:
இருவரும் ஸ்டுடியோ முறையை மறந்துவிட்டீர்கள். வரைந்தவர், வெட்டியவர், பூவேலை செய்தவர் யாராயினும், ஸ்டுடியோவின் ஆடைத் துறைத் தலைவரின் பெயர்தான் திரையில் வரும். எடித் ஹெட் 1938இல் அந்த நாற்காலிக்கு வந்தவர். இது அவருடைய தனிப்பட்ட குற்றமன்று, அன்றைய வழக்கம்.

பழையபடம்:
வழக்கம் என்றால் 1957இல் அதே பாரமவுண்டின் 'ஃபன்னி ஃபேஸ்' படத்தில் ஜிவான்ஷியின் பெயர் எப்படி வந்தது? ஆஸ்கர் பரிந்துரையும் எடித் ஹெட், ஜிவான்ஷி இருவர் பெயரிலேயே இருந்தது. அதற்கும் முன்பே, 'சாம்சன் அண்ட் டிலைலா'வுக்கான விருதை எடித் ஹெட் உட்பட ஐந்து பேர் பகிர்ந்துகொண்டார்கள். ஆக, பகிர்வதற்கு வழி இருந்தது. 'சப்ரினா'வில் மட்டும் அது அடைபட்டுப் போனது ஏன் என்பதற்கு விடை சொல்லுங்கள்.

ஊசிநூல்:
அந்த ஒரு விருதை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள், ஐயா. 'தி ஸ்டிங்' வரை மீதமுள்ள ஏழைப் பற்றி நாளை பேசுவோம்.