நாஞ்சில் நாட்டுக் கட்டுரைக்குத் துணைநூற்பட்டியல்: ‘பிள்ளை’யை எங்கே வைப்பது?

ஆய்வு மாணவி, நாகர்கோவில்:

அனைவருக்கும் வணக்கம். நாஞ்சில் நாட்டுக் குளங்களின் பராமரிப்பு வரலாறு பற்றி ஆங்கிலத்தில் எழுதிய கட்டுரையை ஓர் ஆய்விதழுக்கு அனுப்பியிருந்தேன். பொருளைப் பற்றி ஒரு வரிகூடச் சொல்லாமல், மேற்கோள்களும் துணைநூற்பட்டியலும் ஏ.பி.ஏ. (அமெரிக்க உளவியல் சங்கம்) மேற்கோள் கையேட்டின் 7ஆம் பதிப்பு முறையில் இல்லை என்று மட்டும் குறிப்பிட்டு மூன்றாம் நாளே திருப்பி அனுப்பிவிட்டார்கள். பட்டியலை, மேற்கோள்களைச் சேமித்து வடிவமைத்துத் தரும் சோட்டெரோ மென்பொருள்தான் உருவாக்கியது என்பதால் பிழை எங்கே என்று எனக்கு முதலில் பிடிபடவில்லை. அச்செடுத்துப் பார்த்தபோது, கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையின் கல்வெட்டுக் கட்டுரை ‘பிள்ளை, சி. தே.’ என்று வந்திருந்தது. அதே வரிசையில் இன்னும் நான்கு பிள்ளைகள் நின்றார்கள்; யார் எவர் என்று எனக்கே தெரியவில்லை.

இது தவிர மூன்று ஐயங்கள் உள்ளன. திருவிதாங்கூர் அரசைப் பற்றிய விவர நூலான நாகம் ஐயாவின் திருவிதாங்கூர் மானுவலை நான் பயன்படுத்தியது மறுபதிப்பில்; அதற்கு எந்த ஆண்டைக் கொடுப்பது? அழகியபாண்டியபுரம் முதலியார் குடும்பத்து ஓலைகளில் கொல்லம் ஆண்டுதான் (மலையாள ஆண்டு) இருக்கிறது. அதை எப்படிக் குறிப்பது? குளத்து மடை திறப்பது பற்றிப் பெரியவர்கள் சிலரிடம் நேரில் கேட்டு எழுதியவற்றைப் பட்டியலில் எங்கே சேர்ப்பது?

நூலகப் பணியாளர், தக்கலை:

வணக்கம். உங்கள் முதல் சிக்கலுக்குக் காரணம் மென்பொருளன்று. அதற்கு ஊட்டிய பெயர்தான். சோட்டெரோவில் ஆசிரியர் பெயருக்குக் குடும்பப் பெயர், இயற்பெயர் என இரண்டு கட்டங்கள் இருக்கும். வலைத்தளத்திலிருந்து நேரடியாக இறக்கும்போது கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயர் என்று அது எடுத்துக்கொள்கிறது. நம் பெயர்களில் முன்னால் நிற்பது தந்தையின் முதலெழுத்து. அடுத்து வருவது இயற்பெயர். ‘பிள்ளை’ என்பது அதன் பின்னொட்டு. ஆகவே முதல் கட்டத்தில் ‘தேசிகவிநாயகம் பிள்ளை’ என்பதை முழுமையாக இட்டு, இரண்டாவதில் ‘சி.’ என்று மட்டும் இடுங்கள். பட்டியலில் ‘தேசிகவிநாயகம் பிள்ளை, சி.’ என்று வரும். நூலக அட்டவணைகளிலும் ‘வையாபுரிப்பிள்ளை, எஸ்.’ என்ற வரிசையில்தான் தலைப்பு அமைகிறது. முதலெழுத்தே இல்லாத புனைபெயராக இருந்தால், பெயர்க் கட்டத்தின் அருகிலுள்ள சிறு பொத்தானை அழுத்தி இரண்டு கட்டங்களையும் ஒன்றாக்கிவிடலாம்.

இதில் எனக்கும் சொந்த அனுபவம் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு கட்டுரையில் என் முதலெழுத்தை விரித்து, கடவுச்சீட்டில் உள்ளபடியே அப்பாவின் பெயரை இறுதியில் எழுதிவிட்டேன். அன்று முதல் இன்று வரை அந்தக் கட்டுரையை மேற்கோள் காட்டுபவர்கள் எல்லாரும் என் அப்பாவைத்தான் காட்டுகிறார்கள். அவர் நெல் வியாபாரி. எனவே உங்கள் பெயரை எந்த வடிவில் வெளியிடப் போகிறீர்கள் என்பதை இந்த முதல் கட்டுரையிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்.

மறுபதிப்புக்கு இரண்டு ஆண்டுகளையும் கொடுக்க வேண்டும். கட்டுரைக்குள் ஆசிரியர் பெயரை அடுத்து 1906 என்று எழுதி, சாய்கோடு இட்டு, உங்கள் கையிலுள்ள பதிப்பின் ஆண்டை எழுதுங்கள். மூல நூல் 1906இல் மூன்று தொகுதிகளாக வந்தது. மறுபதிப்பில் பக்க எண் மாறியிருக்கக்கூடும் என்பதால், நீங்கள் பார்த்த பதிப்பின் பக்கத்தையே தாருங்கள். சோட்டெரோவில் மூல ஆண்டுக்குத் தனிக் கட்டம் இல்லையென்றால், ‘எக்ஸ்ட்ரா’ என்ற கட்டத்தில் ‘ஒரிஜினல் டேட்’ என ஆங்கிலத்தில் எழுதி, முக்காற்புள்ளி இட்டு 1906 என்று சேர்த்தால் அது எடுத்துக்கொள்ளும். பதிப்பகத்தின் ஊர்ப் பெயர் 7ஆம் பதிப்பில் தேவையில்லை. 6ஆம் பதிப்பைப் பார்த்துப் பழகியவர்கள் இன்னும் அதை எழுதிக்கொண்டிருக்கிறார்கள். பெரியவர்களிடம் கேட்டவற்றை ‘நேரடித் தொடர்பு’ என்று நாளுடன் கட்டுரைக்குள்ளேயே காட்டினால் போதும். பட்டியலில் சேர்க்கக் கூடாது.

ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர், குழித்துறை:

ஓலைகளின் ஆண்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன். நம் பகுதியில் கொல்லம் ஆண்டு ஆவணியில் பிறக்கிறது. ஆங்கில ஆண்டோ மார்கழி நடுவில் மாறுகிறது. ஆகவே ஆவணி முதல் மார்கழி நடு வரையிலான ஓலைக்கு 824ஐயும், அதன் பிறகு ஆடி முடிய 825ஐயும் கூட்ட வேண்டும். கொல்லம் 950 பங்குனி என்று ஓர் ஓலை இருந்தால் அது 1775; அதே 950இன் புரட்டாசி என்றால் 1774. கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றுக்கும் 825ஐக் கூட்டியதால் ஓராண்டு தவறிய கட்டுரைகளை நான் படித்திருக்கிறேன். மாதம் சிதைந்து போன ஓலையாக இருந்தால் 1774–1775 என்று இரண்டையும் கொடுத்துவிடுவதே நேர்மை. கொல்லம் ஆண்டையும் உடன் எழுதுங்கள். மூலத்தைத் தேடிப் போகிறவருக்கு ஓலையில் காணக் கிடைப்பது அந்த எண்தானே.

இன்னொன்று. ஓலையை நீங்களே பார்த்தீர்களா, அச்சுப் பதிப்பில் படித்தீர்களா? அச்சில் படித்திருந்தால் அந்தப் பதிப்பைத்தான் பட்டியலில் காட்ட வேண்டும். மூல ஓலையைப் பார்த்திருந்தால் தொகுப்பின் பெயர், ஓலை எண், அது இருக்கும் இடம் ஆகிய மூன்றும் வேண்டும். படித்தது ஒன்று, காட்டுவது ஒன்று என்று இருக்கலாகாது.

இணைப் பேராசிரியர், மார்த்தாண்டம்:

தக்கலை நண்பர் சொன்னவற்றில் ஒன்றை மட்டும் திருத்த வேண்டியுள்ளது. ‘நேரடித் தொடர்பு’ என்பது கடிதம், மின்னஞ்சல், தற்செயலான உரையாடல் போன்றவற்றுக்கு உரியது. உங்கள் ஆய்வுக்காகவே நீங்கள் திட்டமிட்டு நேர்காணல் செய்தவர்கள் ஆய்வின் பங்கேற்பாளர்கள்; அவர்கள் சொன்னது உங்கள் தரவு. அதற்கு மேற்கோள் குறிப்பே வேண்டாம் என்பதுதான் ஏ.பி.ஏ. முறை. எத்தனை பேரிடம், எந்த ஊர்களில், எப்போது கேட்டீர்கள் என்பதை ஆய்வு முறைப் பகுதியில் எழுதிவிட்டு, ‘பங்கேற்பாளர் 3’ என்பது போலச் சுட்டினால் போதும்.

தமிழ் நூல் தலைப்புகளை ரோமன் எழுத்தில் பெயர்த்து, பக்கத்தில் சதுர அடைப்புக்குள் ஆங்கில மொழிபெயர்ப்பைத் தர வேண்டும். எழுத்துப்பெயர்ப்புக்குத் தமிழ் லெக்சிகன் (சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் அகராதி) முறையைப் பின்பற்றினால் குழப்பம் வராது: ழகரத்துக்கு எல் எழுத்தின் கீழே கோடு, ளகரத்துக்குக் கீழே புள்ளி, றகரத்துக்கு ஆர் எழுத்தின் கீழே கோடு. கட்டுரைக்குள் ஒரு விதமாகவும் பட்டியலில் வேறு விதமாகவும் எழுதினால் இரண்டும் ஒரே ஆள் என்று அயலூர்ப் படிப்பாளிக்குத் தெரியாது. பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த தலைப்புகள் இருந்தால் ஒருங்குறிக்கு மாற்றிய பிறகே மென்பொருளில் ஏற்றுங்கள்.

ஆய்வு மாணவி, நாகர்கோவில்:

அனைவருக்கும் மிக்க நன்றி. நேற்று இரவு உட்கார்ந்து பெயர்களை எல்லாம் திருத்தினேன். ‘பி’ வரிசையில் நின்ற ஐந்து பிள்ளைகளும் அவரவர் எழுத்துக்குப் போய்விட்டார்கள். குழித்துறை ஐயா கேட்ட கேள்விதான் சுருக்கென்றது: ஏழு ஓலைகளில் ஐந்தை அச்சுப் பதிப்பில்தான் படித்திருந்தேன், அவற்றை மூலம் போலவே காட்டியிருந்தேன். மாற்றிவிட்டேன். ஒரே ஒரு சந்தேகம்: இதழின் இணையதளத்தில் ஏற்றும் கோப்பில் மேற்கோள்கள் சாம்பல் நிறப் பின்னணியுடன் தெரிகின்றன, அப்படியே அனுப்பலாமா?

நூலகப் பணியாளர், தக்கலை:

அந்தச் சாம்பல் நிறம், மேற்கோள் இன்னும் சோட்டெரோவுடன் இணைந்திருப்பதன் அடையாளம், அச்சில் வராது. இதழ் சாதாரண எழுத்தாகக் கேட்டால், கோப்புக்கு ஒரு நகல் எடுத்து, அந்த நகலில் மட்டும் ‘அன்லிங்க் சைட்டேஷன்ஸ்’ என்ற இணைப்பு நீக்கும் கட்டளையைக் கொடுங்கள். மூலக் கோப்பில் கொடுத்துவிட்டால், திருத்தம் கேட்டு வரும்போது அத்தனை மேற்கோள்களையும் மீண்டும் கையால் செருக வேண்டியிருக்கும். பங்கேற்பாளர் பற்றிய திருத்தத்துக்கு மார்த்தாண்டம் பேராசிரியருக்கு நன்றி. இத்தனை நாளும் மாணவர்களுக்கு அதைத் தவறாகத்தான் சொல்லிவந்திருக்கிறேன்.