தாத்தா வீட்டு குரூப்: அருண் பேண்டுக்கு வந்த பேர்ச் சிக்கல்

கமலா அத்தை: அருண், உன் பேண்டு பாட்டை இப்போதுதான் கேட்டேன். ஏன்டா இப்படித் தொண்டை கிழியக் கத்துகிறாய்? ராத்திரி பாலில் மிளகும் மஞ்சளும் போட்டுக் குடி.

அருண்: அத்தை, அது நாங்களே இல்லை 😭 பிரேசிலில் ஒரு மெட்டல் பேண்டு. அவர்களுக்கும் எங்கள் பேர்தான். பாட்டு ஆப்பில் அவர்களுக்கென்று இருக்கும் பக்கத்தில் எங்கள் பாட்டும் போய் உட்கார்ந்திருக்கிறது.

திவ்யா: அட்டைப்படத்தில் மண்டை ஓட்டைப் பார்த்தபோதே நினைத்தேன்.

கமலா அத்தை: ஐயோ, கோலாட்ட குரூப்புக்கு வேறு அனுப்பிவிட்டேனே!

பெரியப்பா: உங்கள் பாட்டு அடுத்தவன் பக்கத்துக்கு எப்படிப் போகும்?

அருண்: நாங்கள் நேராக ஏற்ற முடியாது பெரியப்பா, நடுவில் ஒரு கம்பெனி மூலமாகத்தான் போகும். முதல் பாட்டு கொடுக்கும்போதே ‘இது புது ஆர்ட்டிஸ்ட், தனிப் பக்கம் வேண்டும்’ என்று குறிக்க வேண்டும். இல்லாவிட்டால் பேரைப் பார்த்து ஏற்கெனவே இருக்கும் பக்கத்தில் ஒட்டிவிடும். ஃபார்மை நிரப்பியது எங்கள் டிரம்மர். பிரித்துத் தரச் சொல்லி எழுதியிருக்கிறோம்.

சேகர் மாமா: இது என்ன புதுசா? நிர்வானா என்ற பேரிலேயே இரண்டு பேண்டு உண்டு. லண்டனில் 60-களிலேயே ஒரு நிர்வானா. ஓர் ஐரிஷ்காரர், ஒரு கிரேக்கர், இருவரும் சேர்ந்து நடத்தியது. மென்மையான, ஆர்க்கெஸ்ட்ரா வைத்த பாட்டுகள். 1991-இல் ‘நெவர்மைண்ட்’ ஆல்பம் வந்து அமெரிக்க நிர்வானா உலகப் புகழ் அடைந்ததும், அடுத்த வருஷமே லண்டன்காரர்கள் கலிஃபோர்னியாவில் கேஸ் போட்டார்கள்.

பெரியப்பா: தீர்ப்பு?

சேகர் மாமா: தீர்ப்பு வரை போகவில்லை, வெளியிலேயே பேசி முடித்துக்கொண்டார்கள். இரண்டு பேரும் அதே பேரை வைத்துக்கொள்ளலாம் என்று ஏற்பாடு. அப்புறம் லண்டன் நிர்வானா, அமெரிக்க நிர்வானாவின் ‘லித்தியம்’ பாட்டையே தங்கள் பாணியில் பாடி வெளியிட்டது!

கமலா அத்தை: என்னங்க, ஹாலில் உட்கார்ந்துகொண்டு இங்கே கதை சொல்கிறீர்கள். காபி ஆறுகிறது.

ரேவதி சித்தி (டொராண்டோ): இங்கே பிரிட்டிஷ் ‘புஷ்’ பேண்டின் பழைய சிடியில் ‘புஷ் எக்ஸ்’ என்றுதான் போட்டிருக்கும். 70-களில் இங்கேயே ஒரு புஷ் இருந்ததால் அந்த எக்ஸ். 1997-இல் இரண்டு தொண்டு அமைப்புகளுக்குத் தலா 20,000 டாலர் கொடுத்த பிறகுதான் எக்ஸ் போனது.

சேகர் மாமா: சரியான ஆள் சித்தி! அயர்லாந்தில் ஒரு ‘பிளிங்க்’ பேண்டு இருந்ததால்தான் அதே பேர் வைத்திருந்த கலிஃபோர்னியாக்காரர்கள் ‘பிளிங்க்-182’ ஆனார்கள்.

திவ்யா: அருண், நீங்களும் பின்கோடு போட்டுக்கொள்ளுங்கள் 😂

அருண்: கிண்டல் செய்யாதே. இசை ஆல்பங்களைப் பட்டியல் போடும் டிஸ்காக்ஸ் தளத்தில் ஒரே பேர் வந்தால் அடைப்புக்குறிக்குள் 2, 3 என்று எண் போடுகிறார்கள். எங்களுக்கு எத்தனாவது எண்ணோ.

பெரியப்பா: விளையாட்டு இருக்கட்டும். பேர் உரிமையைப் பதியும் அரசு டிரேட்மார்க் தளத்தில் வகுப்பு 41-இல் உங்கள் பேரைத் தேடிப் பார், தேடுவது இலவசம். பொழுதுபோக்கு நிகழ்ச்சிகள் அந்த வகுப்பில்தான் வரும். யாரும் எடுக்கவில்லை என்றால் தனி ஆள் பேரில் ஆன்லைனில் பதிய 4,500 ரூபாய். பிரேசில்காரன் அங்கே வாசிக்கட்டும், அவனோடு உனக்கு வழக்கு வேண்டாம். முதல் கச்சேரி போஸ்டர், தேதி போட்ட ரசீது எல்லாம் பத்திரமாக வை. யார் முதலில் பயன்படுத்தினார்கள் என்பதுதான் இங்கே பெரிய கேள்வி.

அருண்: சரி பெரியப்பா. ஞாயிறு வருகிறேன்.

பெரியப்பா: வருவதற்கு முன்னால், யார் பேரில் பதிவது என்று நான்கு பேரும் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். நாளைக்கு பேண்டு உடைந்தால் முதல் சண்டை அதற்குத்தான்.

அருண்: அதற்கு இப்போதே இரண்டு பேர் கை தூக்கிவிட்டார்கள்.