நீலம் வந்தால் விஷமா, வராவிட்டால் விஷமா?

மாட்டுத்தாவணி மணி: "மாட்டுத்தாவணியில் வாங்கிய கத்தரிக்காயை பயோசென்சர் அட்டையில் சோதித்தேன், நீலமாகிவிட்டது, அத்தனையும் விஷம்" என்று நேற்று இங்கே ஒரு மகான் எழுதியிருக்கிறார். எங்கள் கடை அங்கேதான் இருக்கிறது. ஐயா, நீலம் வந்தால் நல்ல காய்! அது காயில் பூச்சிமருந்து இருக்கிறதா என்று பார்க்கும் அட்டை. அதன் வெள்ளை வில்லையில் கோலினெஸ்டெரேஸ் நொதி இருக்கிறது. சிவப்பு வில்லையில் இருப்பதை அது உடைத்தால் நீலம் வரும். பூச்சிமருந்து இருந்தால் நொதி முடங்கிவிடும், நீலம் வராது.

வைகைக்கரை: அந்த மகான் நான்தான். ஆலகாலம் குடித்த சிவனுக்கே கழுத்து நீலம். கத்தரிக்காய்க்கு மட்டும் வேறு கணக்கா?

புதூர் செல்வி: பயோசென்சர் என்றால் என்ன? சுகர் பார்க்கும் மெஷினும் அதுதானா?

மாட்டுத்தாவணி மணி: அதுவும்தான். நொதி மாதிரி உயிர்ப்பொருளை வைத்துச் சோதித்தால் பயோசென்சர். இருங்கள் அக்கா. நீலம் வந்தால் நல்லது. இதை முதலில் அவர் ஒத்துக்கொள்ளட்டும்.

ரிட்டயர்ட் வாத்தியார்: மணி சொல்வது பாதி சரி. அந்த அட்டை ஆர்கனோபாஸ்பேட், கார்பமேட் வகை மருந்துகளுக்கு மட்டும்தான். பைரித்ராய்டு என்ற வேறு வகை மருந்து அடித்த காயும் ஜோராக நீலம் காட்டும். 1995இல் டோக்கியோ சுரங்க ரயிலில் பரப்பிய சரின் என்ற நச்சும் இதே நொதியைத்தான் முடக்கும், அதைக் கண்டுபிடிக்கவும் இந்த முறை உதவும். அப்புறம், சித்திரை வெயிலில் வண்டி டிக்கியில் கிடந்த அட்டை என்றால் நொதியே செத்திருக்கும். வெறும் தண்ணீரை விட்டாலும் நீலம் வராது. தண்ணீர் விட்டு ஒப்பிட்டீர்களா?

வைகைக்கரை: பார்த்தீர்களா, வாத்தியாரே நீலத்தை நம்பாதே என்கிறார்.

மாட்டுத்தாவணி மணி: வாத்தியார் ஐயா, இப்போது திருப்திதானே? போன மாதம் ஜிகர்தண்டாவில் கடல்பாசியா பாதாம் பிசினா என்றபோதும் நீங்கள்தான் குட்டையைக் குழப்பினீர்கள்.

ரிட்டயர்ட் வாத்தியார்: அன்றைக்கும் நான் சொன்னதுதான் சரி.

புதூர் செல்வி: கடல்பாசிதான்.

மாட்டுத்தாவணி மணி: கடல்பாசியை விடுங்கள் அக்கா! நீலம் வந்தால் நல்லது, நீலம் வந்தால் நல்லது. இன்னும் எத்தனை தடவை சொல்ல?

வைகைக்கரை: கொத்தமல்லியையும் சோதித்தேன். வெள்ளையாகவே இருந்தது. வீட்டில் இப்போது அதைத்தான் தைரியமாகச் சாப்பிடுகிறோம்.

மாட்டுத்தாவணி மணி: கடவுளே.

ரிட்டயர்ட் வாத்தியார்: கொத்தமல்லி, பூண்டு, வெங்காயச் சாறுகளே அந்த நொதியைத் தடுக்கும். மருந்தே அடிக்காவிட்டாலும் நீலம் வராது.

வைகைக்கரை: அப்படியானால் அட்டை எதற்கு? மணி, கத்தரிக்காய்க் காசைத் திருப்பிக் கொடுங்கள்.

மாட்டுத்தாவணி மணி: என் கடையிலா வாங்கினீர்கள்? சீட்டைக் காட்டுங்கள்.

வைகைக்கரை: பேச்சை மாற்றாதீர்கள். நீலம் விஷம்தான்.