'யென்': ஆசையா, ஜப்பான் பணமா?

மயிலை நிலா:
வணக்கம். ஆங்கிலச் சிறுகதை ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். இரவுச் சாப்பாடு முடிந்து படுத்த ஒருவருக்கு ஊறுகாய் மேல் 'யென்' வந்ததாக ஒரு வரி. 'ஏக்கம்' கனக்கிறது, 'ஆசை' சப்பென்று இருக்கிறது. சொல்லின் மூலம் என்ன? ஜப்பான் பணத்தோடு உறவு உண்டா? 'ஏங்கு' என்னும் பொருளுள்ள 'யேர்ன்' என்பதன் சுருக்கம் என்கிறார்களே, சரியா?

சொல்லேருழவன்:
பணத்தோடு ஒட்டும் இல்லை, உறவும் இல்லைங்க. அந்த யென்னுக்கு 'வட்டம்' என்று பொருள். 1871இல் ஜப்பானின் சட்டபூர்வ நாணயம் ஆனது. ஜப்பானியர் வாயில் அது 'என்'தான். முன்னால் நிற்கும் யகரம் ஐரோப்பியர் எழுதிய வழக்கு.

நீங்கள் கேட்பது கான்டனீஸ் வழி வந்தது. தங்கவேட்டைக்கும் ரயில்பாதை வேலைக்கும் சீனாவின் குவாங்டாங் பகுதியிலிருந்து கலிபோர்னியா போனவர்களின் மொழி அது. அபினுக்கு ஒரு சொல், அதற்கான தவிப்புக்கு ஒரு சொல். இரண்டும் ஒட்டி அமெரிக்கக் கொச்சையில் 'யென்-யென்' ஆயின. அபின் கிடைக்காமல் கொட்டாவி, கண்ணீர், மூக்கொழுகல் என்று உடம்பு கேட்குமே, அந்த நிலை. ஆங்கில அச்சில் சொல் தலைகாட்டுவது 1870களில். சான்பிரான்சிஸ்கோ அபின் கூடங்களுக்குத் தடை போட்டதும் 1875இல்தான். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அபின் உதிர்ந்துபோய், எதன் மேலும் எழும் அடங்காத ஆசைக்கு ஆகிவந்தது.

அந்தத் தவிப்பைச் சீனத்தில் எழுதும்போது, எழுத்தின் மேற்பக்கமும் இடப்பக்கமும் நோயைக் குறிக்கும் எழுத்துறுப்பு கவிந்து நிற்கும். வலி என்ற சொல்லை எழுதவும் அதே உறுப்புதான். விருப்பம் என்று மட்டும் கொண்டால் பாதி போய்விடும்.

பழவந்தாங்கல் குமார்:
'யேர்ன்' வேறு குலம். பழைய ஆங்கிலச் சொல். 'விருப்பத்தோடு' என்னும் ஜெர்மன் 'கெர்ன்' அதற்குப் பங்காளி. ஓசை ஒத்திருந்ததால் புதுச்சொல் ஆங்கிலத்தில் ஊன்றிக்கொள்ள உதவியிருக்கும், அவ்வளவே.

தாளடி:
மொழிபெயர்ப்புக்கு வருவோம் தோழர். முன்னால் எண் வந்தால் பணம். 'எ யென் ஃபார்', 'எ யென் டு' என்று வந்தால் ஆசை. 'ஃபார்' ஒன்றை மட்டும் நம்பாதீர்கள்: யென்னைக் கொடுத்து டாலர் வாங்கினான் என்பதிலும் அது வரும், ஆனால் ஒருமைக்குரிய 'எ' வராது.

கதை எழுதப்பட்ட ஆண்டையும் பாருங்கள். 1900ஐ ஒட்டிய காலம், அபின் கூடம், திருட்டுக் கும்பல் என்று களம் இருந்தால் பழைய பொருளே பொருந்தும். 'போதைக்குத் தவித்தான்' என்று எழுத வேண்டும். உங்களுடையது சாப்பாட்டு யென். 'நாக்கு நமநமவென்றது' போடுங்கள். சென்னைப் பேச்சில் உரையாடலாக வந்தால் 'நாக்கு நமநமங்குது'. ஊர்சுற்றவோ, பாட்டுக் கேட்கவோ என்றால் 'மனசு கிடந்து அடித்துக்கொண்டது'. ஏக்கத்தை இழந்ததற்கும் எட்டாததற்கும் வைத்துக்கொள்ளலாம், ஊறுகாய்க்கு வேண்டாம்.

சொல்லேருழவன்:
'நமநம' அருமை. தொல்காப்பிய உரியியலில் 'வயா என் கிளவி வேட்கைப் பெருக்கம்' என்று வருகிறது. பொருள் கச்சிதம்தான், ஆனால் வயா கருவுற்றவளின் வேட்கைக்கு ஆகிவந்த சொல். மசக்கைக்கும் அதே கட்டு.

மயிலை நிலா:
நன்றி ஐயா, தோழர். கதையில் வருபவர் ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர், அதனால் மசக்கை ஆகாது. 'ஆவக்காய்க்கு நாக்கு நமநமவென்றது' என்று வைக்கலாமா?

தாளடி:
ஆவக்காய் வேண்டாம். கதை அமெரிக்காவில் நடந்தால் அந்த ஊறுகாய் பெரும்பாலும் வெள்ளரிப் பிஞ்சு, வினிகரிலோ உப்புநீரிலோ ஊறியது. எண்ணெயும் மிளகாய்த்தூளும் கிடையாது. அடுத்த வரியிலேயே அவர் ஜாடியிலிருந்து முழுசாக எடுத்துக் கடித்தால் ஆவக்காய் இடிக்கும். 'வெள்ளரி ஊறுகாய்' என்றே எழுதுங்கள்.