கோலாலம்பூரில் நைட் ஷிஃப்ட் பார்ப்பவர் டாக்டரைப் பார்ப்பது எப்படி?

போன வாரம் ஊர்ப் பையன் ஒருவன் இரவு இரண்டு மணிக்கு வாட்ஸ்அப்பில் குரல் அனுப்பியிருந்தான். "அண்ணே, மூணு நாளா காய்ச்சல். லீவு கேட்டா வேலை போயிடுமோன்னு பயமா இருக்கு. இங்க டாக்டர் அப்பாயின்ட்மென்ட் எப்படிண்ணே வாங்குறது?" வந்து ஐந்து வாரம்தான் ஆகிறது. செந்தூல் பக்கம் ஓர் உணவகத்தில் மாலை ஏழு முதல் காலை ஏழு வரை வேலை. அவனுக்குப் போனில் சொன்னதையே கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். ஹோட்டல், கிடங்கு, தொழிற்சாலை என்று வேலை பெர்மிட்டில் வந்திருப்பவர்களை மனதில் வைத்து எழுதுவது இது. பெரிய கம்பெனியில் இன்சூரன்ஸ் அட்டையோடு வந்தவர்களுக்கு இந்தப் பாடெல்லாம் கிடையாது.

காய்ச்சல், இருமல், வயிற்றுப்போக்குக்கு இங்கே அப்பாயின்ட்மென்ட் வேண்டாம். கடை வரிசை இருக்கும் இடத்தில் எல்லாம் ஒரு தனியார் கிளினிக் இருக்கும். நேராக உள்ளே போய்ப் பாஸ்போர்ட்டையோ அதன் நகலையோ காட்டிப் பெயர் பதிந்தால் டாக்டர் பார்ப்பார். மருந்தும் பெரும்பாலும் அங்கேயே கொடுத்துவிடுவார்கள். 'கிளினிக் 24 ஜாம்' என்று போர்டு இருந்தால் இரவெல்லாம் திறந்திருக்கும் என்று அர்த்தம். ஜாம் என்றால் மலாயில் மணி. நம்மூர்ச் சாமம் என்று நினைத்து, ஒரு நாளைக்கு எங்கிருந்தடா 24 சாமம் வந்தது என்று நான் முதல் மாதம் குழம்பியது உண்டு. நள்ளிரவுக்கு மேல் கட்டணம் கூடுதலாக இருக்கலாம், அதனால் உட்காரும் முன்பே கவுண்டரில் "பெராப்பா?" என்று கேட்டுவிடுங்கள். எவ்வளவு என்று அர்த்தம். கேட்பதில் வெட்கம் எதுவும் இல்லை, உள்ளூர்க்காரர்களும் கேட்கிறார்கள்.

ஆக, முதல் தடவை டாக்டரைப் பார்ப்பது பெரிய விஷயம் இல்லை. "நாளைக்குத் திரும்ப வாங்க" என்று அவர் சொல்வார் பாருங்கள், அங்கேதான் நம் ஆட்கள் சறுக்குகிறார்கள். நானும் அங்கேதான் சறுக்கினேன்.

2017இல் நான் ஓர் உணவகச் சமையலறையில் இரவு வேலையில் இருந்தேன். காய்ச்சல் வந்தது. கிளினிக்கில் டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, டெங்கியாக இருக்கலாம், தினமும் வந்து ரத்தம் கொடுக்க வேண்டும் என்றார். ஒரு நாள் எம்சி எழுதிக் கொடுத்தார். ஓய்வெடு என்று டாக்டர் தரும் சான்றிதழைத்தான் இங்கே எல்லோரும் எம்சி என்பார்கள். இரண்டாம் நாள் முதலாளி ஆள் இல்லை என்று கூப்பிட்டார். போனேன். கிளினிக் காலை ஒன்பதுக்குத் திறக்கும், எனக்கு ஏழுக்கு வேலை முடியும். இரண்டு மணி நேரம் காத்திருக்க உடம்பு கேட்கவில்லை, அறைக்குப் போய் விழுந்துவிட்டேன். நான்காம் நாள் காய்ச்சல் இறங்கியது. சரி, விட்டது சனியன் என்று தோசைக்கல் முன்னால் போய் நின்றேன். அன்று இரவு ஈறில் ரத்தம், வயிற்றைப் பிசைகிற வலி, கண் இருட்டிக்கொண்டு வந்தது. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

டெங்கியில் காய்ச்சல் இறங்கும் நேரம்தான் கண்டம். ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிவதும் ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் சரிவதும் பெரும்பாலும் அப்போதுதான் நடக்கும். தினமும் ரத்தம் கேட்பது அதைக் கண்காணிக்கத்தான், காசு பிடுங்க இல்லை. இது எனக்கு அப்போது தெரியாது. இன்னொன்றும் தெரியாது: ஊரிலிருந்து கொண்டுவந்த வலி மாத்திரையைத் தினம் இரண்டு போட்டுக்கொண்டிருந்தேன். டெங்கி சந்தேகம் இருக்கும்போது ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் வகை மாத்திரைகள் ரத்தக்கசிவைக் கூட்டிவிடும். பாராசிட்டமால் மட்டும்தான். இங்கே பனடோல் என்று கேட்டால் பெட்டிக்கடையிலும் கிடைக்கும்.

பிழைத்துக்கொண்டேன், அதை விடுங்கள். அதற்குப் பிறகு தெரிந்துகொண்ட சட்டம்தான் உங்களுக்கு வேண்டியது.

மலேசியாவின் 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம் வெளிநாட்டுத் தொழிலாளருக்கும் பொருந்தும். அதன் 60எஃப் பிரிவின்படி, இரண்டு வருடத்துக்கும் குறைவாக வேலை பார்த்தவருக்கு வருடத்துக்கு 14 நாள் சம்பளத்தோடு மருத்துவ விடுப்பு உண்டு. இரண்டு முதல் ஐந்து வருடம் வரை 18 நாள், அதற்கு மேல் 22 நாள். ஆஸ்பத்திரியில் சேர்க்க நேர்ந்தால் 60 நாள். 2023 ஜனவரி முதல் இந்த 60 நாள் தனிக் கணக்கு, மற்றதில் கழிக்க மாட்டார்கள். டாக்டர் பரிசோதனைச் செலவு முதலாளியுடையது. வீட்டு வேலைக்கு வந்தவர்களுக்கு மட்டும் இந்தப் பிரிவு பொருந்தாது.

ஆனால் இதில் ஒரு கொக்கி இருக்கிறது. முதலாளி நியமித்த டாக்டரிடம், அதாவது பேனல் கிளினிக்கில்தான், காட்ட வேண்டும். தோசைக்கல் முன்னால் உட்கார்ந்துவிட்ட அன்றிரவு நான் வாங்கிய எம்சியைப் பார்த்து என் முதலாளியும் "இது நம்ம பேனல் இல்ல, இந்த எம்சி செல்லாது" என்று சொல்லித்தான் சம்பளத்தைப் பிடித்தார். பேனல் கிளினிக் இரவு பத்துக்குச் சாத்திவிடும், எனக்கு முடியாமல் போனதோ இரவு ஒரு மணிக்கு. சட்டம் இதற்கும் வழி வைத்திருக்கிறது. பேனல் டாக்டர் நியாயமான நேரத்திலோ தூரத்திலோ கிடைக்காவிட்டால், பதிவு பெற்ற வேறு எந்த டாக்டரிடமும் காட்டலாம், அந்த எம்சியும் செல்லும். இந்த ஒரு வரி அன்றைக்குத் தெரிந்திருந்தால் நாலு நாள் சம்பளம் கையில் நின்றிருக்கும்.

அடுத்த கொக்கி 48 மணி நேரம். விடுப்பு தொடங்கி 48 மணி நேரத்துக்குள் முதலாளிக்குத் தெரிவிக்க வேண்டும், தெரிவிக்க முயற்சியாவது செய்திருக்க வேண்டும். இல்லாவிட்டால், எம்சி கையில் இருந்தாலும் அனுமதி இல்லாமல் வராதவர் கணக்கில் சேர்த்துவிடலாம். அதனால் கிளினிக்கில் உட்கார்ந்திருக்கும்போதே ஒரு செய்தி அனுப்பிவிடுங்கள், எம்சி வந்ததும் படம் எடுத்து அதற்குக் கீழேயே போடுங்கள். "சூப்பர்வைசரிடம் வாயால் சொன்னேன்" என்பதெல்லாம் நாளைக்கு நிற்காது.

டாக்டரிடம் பேசும்போது வேலை நேரத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். "இரவு ஏழு முதல் காலை ஏழு வரை அடுப்பு முன்னால் நிற்கிறேன்" என்று சொன்னால் எம்சியும் அதற்கு ஏற்றபடி வரும். இரவு ஷிஃப்டுக்கு ஒரு தேதி போட்ட எம்சி எந்த ராத்திரிக்கு என்று குழப்பம் வரும், இரண்டு தேதியும் போட்டு வாங்குங்கள். மறுநாள் ரத்தப் பரிசோதனை இருந்தால் அந்த நாளையும் சேர்த்து எழுதித் தர முடியுமா என்று அப்போதே கேளுங்கள். தேவை இருந்தால் பெரும்பாலான டாக்டர்கள் மறுக்க மாட்டார்கள்.

மொழி பற்றி அதிகம் பயப்பட வேண்டாம். செந்தூல், பிரிக்ஃபீல்ட்ஸ், ஜாலான் ஈப்போ பக்கம் தமிழ் பேசும் டாக்டரும் தாதியும் கிடைப்பார்கள். தாதி என்றால் இங்கே நர்ஸ். வெள்ளி என்றால் ரிங்கிட். சீன, மலாய் டாக்டர் என்றால் நாலு சொல் போதும்: டெமாம் காய்ச்சல், பாத்தோக் இருமல், முந்தா வாந்தி, சாக்கிட் டாடா நெஞ்சுவலி. சர்க்கரை வியாதிக்குக் கென்சிங் மானிஸ்.

சர்க்கரை என்றதும் ஞாபகம் வருகிறது. இங்கே தாதி "பசியாறிட்டீங்களா?" என்று கேட்டால் உபசாரம் என்று நினைத்து "ஆச்சும்மா" என்று சொல்லிவிடாதீர்கள். இந்த ஊர்த் தமிழில் பசியாறுவது என்றால் காலை உணவு சாப்பிடுவது. வெறும் வயிற்றில் ரத்தம் எடுக்க வேண்டியிருந்தால் அதற்காகத்தான் கேட்கிறார். நைட் ஷிஃப்ட்காரர்களுக்கு இது தனிச் சிக்கல், ஏனென்றால் விடியற்காலை நாலு மணிக்கு நாம் ரொட்டி சானாய் சாப்பிட்டிருப்போம். எட்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். அந்தப் பரிசோதனையை ஆஃப் நாளில் வைத்துக்கொள்ளுங்கள்.

அரசு கிளினிக்கை, அதாவது கிளினிக் கெசிஹாத்தானை, பலர் மலிவு என்று சொல்லி அனுப்புவார்கள். ஒரு வெள்ளிக்குப் பார்ப்பது குடிமக்களுக்கு. நமக்குக் கட்டணம் அதைப் போலப் பல மடங்கு, வரிசையும் நீளம். பன்னிரண்டு மணி நேரம் நின்றுவிட்டு எண் சீட்டு வாங்கி உட்காருவதை விட, சின்ன நோய்க்குப் பக்கத்துத் தனியார் கிளினிக்கே மேல் என்பது என் கணக்கு. உயிர்ப் பிரச்சினை என்றால் யோசிக்காதீர்கள், 999. கோலாலம்பூர் பெரிய ஆஸ்பத்திரி ஜாலான் பஹாங்கில் இருக்கிறது. அங்கே அவசரப் பிரிவில் நோயாளிகளைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிப்பார்கள். சாதாரணக் காய்ச்சலோடு போனால் பச்சையில் மணிக்கணக்காக உட்கார வேண்டியதுதான். படுக்கையில் சேர்த்தால் வெளிநாட்டவரிடம் முன்பணம் கேட்பார்கள், ஆயிரம் வெள்ளியைத் தாண்டும். பெர்மிட்டுக்காக முதலாளி எடுக்கும் ஸ்பிக்பா இன்சூரன்ஸ் அப்போதுதான் உதவும், கிளினிக் காய்ச்சலுக்கு உதவாது. அந்த அட்டையின் படம் உங்கள் போனில் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.

பையன் கதைக்கு வருகிறேன். அவன் பயம் லீவு மட்டும் இல்லை. "டாக்டர்கிட்ட போனா ஊருக்கு அனுப்பிடுவாங்களாமே" என்றான். வந்ததும் ஃபோமேமா என்று பெர்மிட்டுக்கான ஒரு மருத்துவப் பரிசோதனை எடுத்திருப்பீர்கள், முதல் மூன்று வருடம் ஆண்டுதோறும் அது வரும். காசநோய் மாதிரிச் சிலவற்றுக்குப் பெர்மிட் பாதிக்கப்படுவது அந்தப் பரிசோதனையில்தான். காய்ச்சலுக்குக் கிளினிக் போவது வேறு விவகாரம். இரண்டையும் ஒன்றாக்கிப் பயமுறுத்துகிற ஆட்கள் எல்லா விடுதியிலும் இரண்டு பேர் இருப்பார்கள். பெர்மிட் காலாவதியானவர்கள் நிலைமை மட்டும் உண்மையிலேயே வேறு. ஆவணம் இல்லாதவர்களைப் பற்றி அரசு ஆஸ்பத்திரிகள் தகவல் கொடுக்க வேண்டும் என்று 2001இலேயே சுற்றறிக்கை உண்டு. புதுப்பிக்கக் கொடுத்திருந்தால் அந்த ரசீதின் நகலைப் பையில் வையுங்கள்.

அவன் அன்றிரவே சூப்பர்வைசருக்குச் செய்தி போட்டுவிட்டு 24 ஜாம் கிளினிக் போனான். டெங்கிதான். இரண்டு தேதி எம்சி, மூன்று தடவை ரத்தம். இன்னும் களைப்பு இருக்கிறது, வேலையும் இருக்கிறது.

இதைப் படித்துவிட்டுக் கேட்டவர்களுக்காக இன்னும் சில.

பினாங்கில் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் இருக்கும் தங்கை ஒருவர், உள்ளேயே கிளினிக் இருந்தும் தன்னைப் பார்க்க மறுக்கிறார்கள் என்றார். ஏஜென்ட் மூலம் வந்தவர்களுக்கு முதலாளி சில சமயம் ஏஜென்ட் கம்பெனிதான், பேனலும் அவர்களுடையது. ஒப்பந்தத்தில் முதலாளி என்று யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள்மா. அவர்களிடம் பேனல் பட்டியலை எழுத்தில் கேளுங்கள். பினாங்குத் தீவில் வேலை, எதிர்க்கரையில் பிறை என்ற ஊரில் விடுதி என்றால் இரண்டு பக்கமும் ஒரு கிளினிக் தெரிந்து வைத்திருப்பது நல்லது. இழுத்தடித்தால் தொழிலாளர் துறையிடம் 'வொர்க்கிங் ஃபார் வொர்க்கர்ஸ்' செயலி வழியாகப் புகார் கொடுக்கலாம்.

வேலையில் எண்ணெய் கொட்டிச் சுட்டுக்கொண்ட ஒருவர், அதற்கும் இதே எம்சி கணக்குதானா என்று கேட்டார். அது சாதாரண எம்சி விவகாரம் இல்லை. வேலையில் பட்ட காயத்துக்கு 2019 ஜனவரி முதல் வெளிநாட்டுத் தொழிலாளருக்கும் பெர்கேசோ என்ற அரசு சமூகப் பாதுகாப்பு அமைப்பின் பாதுகாப்பு உண்டு, வேலைக்குப் போய்வரும் வழியில் நடக்கும் விபத்துக்கும் சேர்த்து. டாக்டரிடம் வேலையில் நடந்தது என்று சொல்லி, அப்படியே எழுதச் சொல்லுங்கள். அறையில் வழுக்கி விழுந்ததாகச் சொல்லும்படி முதலாளி கேட்டால் சொல்லாதீர்கள்.

பாஸ்போர்ட் முதலாளியிடம் இருக்கிறது, எப்படிப் போவது? அடுத்தவர் பாஸ்போர்ட்டைப் பிடித்து வைப்பது 1966ஆம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டப்படி குற்றம். ஆனாலும் காய்ச்சல் நேரத்தில் அந்தச் சண்டையைத் தொடங்க முடியாது. முதல் பக்கமும் பெர்மிட் பக்கமும் போனில் படமாக இருந்தால் பல கிளினிக்குகள் ஏற்றுக்கொள்ளும்.

பல் வலிக்கு மட்டும் அப்பாயின்ட்மென்ட் வாங்கிக்கொண்டு போவது நல்லது. பேனலில் பல் பெரும்பாலும் சேராது, கைக்காசுதான். ஷிஃப்டில் இருப்பவர்களுக்குத் தொடர்ந்து 30 மணி நேர ஓய்வு கிடைத்தால்தான் சட்டப்படி அது வார விடுமுறை. அந்த 30 மணியின் தொடக்கத்தில், வேலை முடிந்த காலையிலேயே, பல்லைப் பிடுங்க நேரம் வாங்குங்கள். கடைசி நேரத்தில் வாங்கினால் வாயில் பஞ்சோடு அடுப்பு முன்னால் நிற்க வேண்டியிருக்கும்.