தரம் 2 வகுப்புச் செய்தியில குருத்தோலை, சந்தை, சிலுவைப்பாதை எல்லாம் ஒண்டா வந்திருக்கு, நாங்கள் சைவக் குடும்பம், என்ன செய்யிறது?

உவர்மலை அம்மா:

எல்லாருக்கும் வணக்கம். மகள் இந்த வருஷம் தரம் 2, திருகோணமலை டவுனுக்குள்ள ஒரு கத்தோலிக்கப் பள்ளிக்கூடம். போன வருஷம் வேற இடத்தில படிச்சவ, அதால இங்கத்தை வழமையள் எனக்கு ஒண்டும் தெரியாது. நேற்றுப் பின்னேரம் கொப்பிக்குள்ள மடிச்சு ஒரு தாள் வந்தது, "வகுப்புச் செய்தி – குடும்பங்களுக்கு" எண்டு. ரெண்டு பக்கமும் நிறைய எழுத்து. அதுக்கு மேல வாட்ஸ்அப் குரூப்பில வொய்ஸ் மெசேஜ் மேல வொய்ஸ் மெசேஜ், ஒராள் கேட்டதையே இன்னொராள் கேட்டு கடைசியில எது சரியெண்டே விளங்கேல்ல.

தாள்ல இருக்கிறது இதுதான். பயறு முளைக்க வைச்சு ஒவ்வொரு நாளும் படம் கீறோணும். 25ஆம் திகதி புதன்கிழமை சிறுவர் சந்தை, வீட்டில இருந்து மரக்கறியோ கீரையோ கொண்டு வந்து பிள்ளையள் விக்கிறது, பெற்றோர் வந்து வாங்கோணுமாம். 27ஆம் திகதி வெள்ளிக்கிழமை குருத்தோலையில சிலுவை செய்து கொண்டு வரோணும், அண்டைக்குக் காலமை வகுப்பாச் சேர்ந்து சிலுவைப்பாதை, "பெற்றோரும் விரும்பினால் கலந்துகொள்ளலாம்" எண்டு போட்டிருக்கு. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு நிலை பிரிச்சுக் குடுத்திருக்கினம், மகளுக்கு 6ஆம் நிலை, படம் கீறி ரெண்டு வசனம் சொல்லோணும். இதோட தவக்கால உண்டியல் எண்டு ஒரு பெட்டி, 40 கட்டம் போட்ட ஒரு அட்டை, நாளுக்கு ஒரு கட்டம் நிறம் தீட்டட்டாம். நான் கலண்டரை வைச்சு எண்ணினா பெப்ரவரி 18இல இருந்து ஏப்ரல் 4 மட்டும் 46 நாள் வருது. மிச்சம் ஆறு நாளும் எங்க போனது?

மனுசன் கட்டார்ல. மாமி எங்களோடதான் இருக்கிறா, அவவுக்குச் சிலுவையை வீட்டுக்குள்ள வைச்சுச் செய்யிறது அவ்வளவு பிடிக்கேல்ல, வெளிய சொல்ல மாட்டா, ஆனா முகத்தைப் பாத்தாத் தெரியும். மகளோ 6ஆம் நிலை எனக்குத்தான் எண்டு துள்ளுறா. இதில எதைக் கட்டாயம் செய்யோணும், எதை விடலாம்? வெள்ளிக்கிழமை நான் போய் நிண்டா அங்க எப்பிடி நடந்துகொள்ளுறது? தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

பாலையூற்று அக்கா:

தங்கச்சி முதல்ல அந்த ஆறு நாளைச் சொல்லிடுறன், எங்கட வீட்டிலயும் ஒவ்வொரு வருஷமும் இந்தக் கேள்வி வரும். தவக்காலம் தொடங்கிற திருநீற்றுப் புதன்ல இருந்து ஈஸ்டருக்கு முதல் நாள் சனிக்கிழமை மட்டும் 46 நாள்தான், நீங்க எண்ணினது சரி. அதுக்குள்ள ஆறு ஞாயிறு வரும், ஞாயிறு ஆண்டவர் உயிர்த்த நாள், அதைத் தவநாள்ல சேர்க்கிறேல்ல. 46இல ஆறு போனா 40. அதால ஞாயிற்றுக்கிழமைக்குக் கட்டம் இல்ல, அண்டைக்கு நிறம் தீட்டத் தேவையில்லை.

சிலுவைப்பாதை பூசை இல்ல. இயேசு சிலுவை சுமந்து போனதை நினைச்சுச் செய்யிற செபம், 14 நிலை இருக்கு, ஒவ்வொண்டுக்கும் ஒரு படம், ஒரு செபம், ஒரு பாட்டு, அடுத்ததுக்கு நடக்கிறது. நற்கருணை, அதாவது பூசையில குடுக்கிற அப்பம், குடுக்கிற இடம் வராது, அதால அந்தப் பயம் வேண்டாம். (வேற நாள் பள்ளிக்கூடப் பூசைக்குப் போனா நற்கருணை வாங்க எழும்பிப் போக வேண்டாம், இருந்த இடத்திலயே இருங்கோ, ஒருத்தரும் ஒண்டும் நினைக்க மாட்டினம்.) எல்லாரும் முழந்தாள்படியிடேக்க நீங்க சும்மா நிக்கலாம், பின்னுக்கு நிண்டா இன்னும் வசதி.

மகளுக்குக் கிடைச்சது நல்ல நிலை. 5ஆம் நிலையில சீரேனே ஊர்ச் சீமோன் சிலுவையைத் தூக்க உதவி செய்வார், 6இல வெரோனிக்கா எண்ட பொம்பிளை கூட்டத்துக்குள்ளால போய் இயேசுவின்ர முகத்தைத் துணியால துடைப்பா, அவற்ற முகம் அந்தத் துணியில பதிஞ்சிடும். இது பைபிள்ல இல்ல, பாரம்பரியமா வந்த கதை. சின்னப் பிள்ளைக்கு அடி, இரத்தம் ஒண்டும் சொல்லத் தேவையில்லை, வேர்த்துக் களைச்சுப் போன ஒராளுக்கு முகம் துடைச்சு விட்டவ எண்டு சொன்னாப் போதும், ரெண்டு வசனமும் அதிலயே வந்திடும்.

படத்தை பிறிஸ்டல் போட்டில கீறாமல் துணியில கீற விடுங்கோ. பழைய வெள்ளை வேட்டித் துண்டு ஒண்டை வெட்டி, கிரேயோனால அழுத்திக் கீறினாப் பிறகு மேலயும் கீழயும் கடதாசி வைச்சு நீங்க அயர்ன் பண்ணுங்கோ, மெழுகு உருகிக் கடதாசியில வரும், நிறம் துணியில நிக்கும். கதைக்கும் பொருத்தமா இருக்கும்.

நேரமில்லாத அப்பா:

நான் சொல்லுறது ஒருத்தருக்கும் பிடிக்காது, பரவாயில்ல. ஓலை, பெட்டி, பயறு, சந்தை எண்டு இதுகளுக்கு ஓடித் திரிஞ்சா பிள்ளை எப்ப படிக்கிறது. இன்னும் மூண்டு வருஷத்தில தரம் 5 ஸ்கொலர்ஷிப் சோதினை. பிள்ளையின்ர ஹோம்வேர்க் எண்டு பேர், செய்யிறது அம்மாமார், ராத்திரி பத்து மணிக்கு கம் போத்தல் தேடி நான் கடை கடையா அலையிறன்.

சோக்கட்டி ரீச்சர்:

நேரமில்லாத அப்பா, அந்த கம் போத்தல் விசயத்தில நான் உங்கட பக்கம். நான் ஆரம்பப் பிரிவு ரீச்சர், இவ சொல்லுற பள்ளிக்கூடம் இல்ல, வேற. உண்மையைச் சொல்லுறன், றெஜிபோம்ல (அந்த வெள்ளை நுரை அட்டை) வெட்டி லைட் பூட்டிக் கொண்டு வாற வேலையள் எங்களுக்கு ஒரு உதவியும் இல்ல. யார் செய்தது எண்டு பாத்த உடனேயே தெரியும், பிள்ளையிட்ட "இது என்ன மகன்" எண்டு கேட்டா அம்மாவின்ர முகத்தைப் பாக்கும். கோணலா இருந்தாலும் பிள்ளை கீறினதை அனுப்புங்கோ.

ஆனா படிப்பு வேற இது வேற எண்டு சொல்லுறது சரியில்ல. சந்தையை எடுங்கோ. ஒரு கீரைக்கட்டு 30 ரூபா, வாங்க வந்தவர் 50 ரூபாத் தாள் நீட்டுறார், பிள்ளை மிச்சக் காசு குடுக்கோணும். பத்து நாள் கொப்பியில கழித்தல் போட்டு விளங்காத பிள்ளை அந்த மேசைக்குப் பின்னால நிண்டு விரல் மடிச்சு 20 எண்டு கண்டுபிடிக்கும். அந்த நேரம் பாத்து பெற்றோர் என்ன செய்யிறது? "மிச்சத்தை வைச்சிரு மகள்" எண்டிட்டு நடக்கிறது! அல்லது பக்கத்தில நிண்டு விடையைச் சொல்லுறது. தயவுசெய்து ரெண்டும் வேண்டாம். பின்னால ஆக்கள் நிண்டாலும் பரவாயில்ல, பிள்ளை எண்ணி முடிக்கும் மட்டும் கையை நீட்டிக்கொண்டு நில்லுங்கோ. சில்லறையும் பத்து, இருபது ரூபாயும் மாத்திக் கொண்டு வாங்கோ, எல்லாரும் ஆயிரம் ரூபாத் தாளோட வந்தா சந்தை அஞ்சு நிமிசத்தில படுத்திடும்.

கொண்டு வாறதுக்கு தேசிக்காய், முருங்கைக்காய், கறிவேப்பிலைக் கட்டு நல்லம். தக்காளி வேண்டாம், பைக்குள்ள நசிஞ்சிடும். மகளையே கட்ட விடுங்கோ, ஒரு கட்டில எத்தனை எண்டு அவவே எண்ணட்டும்.

பயறுக்கு ஒரு சின்ன விசயம். முதல் நாள் ராத்திரி ஊறப்போட்டு அடுத்த நாள் ஈரப் பஞ்சில வையுங்கோ. எங்கட வெயிலுக்குப் பஞ்சு மத்தியானத்துக்குள்ள காய்ஞ்சிடும், காலமையும் பின்னேரமும் தண்ணி தெளிக்கோணும், ஆனா தண்ணியில மிதக்க விட்டா அழுகி மணக்கும். ரெண்டு மூண்டு நாளைக்குள்ள வெள்ளை வேர் எட்டிப் பாக்கும். முதல்ல வாறது வேரா இலையா எண்டு நீங்க சொல்லாதீங்கோ, அவ பாத்துக் கீறட்டும்.

கிண்ணியா உம்மா:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். எங்கட மகனும் டவுன்ல ஒரு கத்தோலிக்கப் பள்ளிக்கூடம்தான், வாப்பாட வேலை அங்க எண்டபடியா. முஸ்லிம் பள்ளிக்கூடங்களுக்கு நோன்புக்கு லீவு, இவருக்கு இல்ல, ஸஹருக்கு, விடிய முதல் சாப்பாட்டுக்கு எழும்பின கண்ணோட யூனிபோர்ம் போட்டுக்கொண்டு போறார். இந்த வருஷம் பாத்தீங்களா, பெப்ரவரி 15 சிவராத்திரி, 18 திருநீற்றுப் புதன், அதே கிழமை எங்களுக்கு நோன்பும் தொடங்கிட்டுது. கோணேஸ்வரத்துக்குப் போற சனத்தால ரோட்டு நிறைஞ்சு ரெண்டு மூண்டு நாள்ல சேர்ச்சில நெத்தியில சாம்பல், எங்கட வீட்டில கஞ்சிப் பானை. வகுப்பில பிள்ளையள் ஆரார் என்னென்ன விடுறாங்க எண்டு கதைச்சிருக்கு, ஒரு பிள்ளை சொக்லேட் விட்டதாம், எங்கட ஆள் "நான் தண்ணியே விட்டன்" எண்டு பெருமை அடிச்சிட்டு வந்திருக்கார். அரை நாள் நோன்புதான் பிடிக்கிறவர், அதைச் சொல்லல்ல போல.

நாங்க செய்யிறது இதுதான். உண்டியல் பெட்டிக்குக் காசு போடுறம், ஏழைக்குப் போறது எந்தப் பெட்டியில போட்டா என்ன. சந்தைக்குப் போறம். சிலுவைப்பாதைக்கு மகனை அனுப்பல்ல, தொடக்கத்திலயே ரீச்சரிட்ட மரியாதையாச் சொன்னன், அந்த நேரம் லைப்ரரியில இருக்க விட்டாங்க, ஒரு பிரச்சினையும் இல்ல. சகோதரி நீங்களும் ரீச்சரிட்ட நேராக் கதைங்க, குரூப்பில கேக்காதீங்க, குரூப்பில கேட்டா அது வேற கதையாப் போகும்.

மாமியை அந்த உண்டியலுக்குப் பொறுப்பா விட்டுப் பாருங்களன். எங்கட உம்மம்மா இப்பிடித்தான், வேலை ஒண்டு குடுத்தா முகம் மாறிடும்.

பழைய மாணவன்:

பிள்ளை, நான் இதே ஊர்ப் பள்ளிக்கூடத்தில படிச்ச சைவக்காரன், வயசு எழுவது தாண்டிட்டுது. எங்கட காலத்தில அமெரிக்காவில இருந்து வந்த யேசு சபைப் பாதர்மார் இருந்தவை, 1960இல சட்டம் வந்து உதவி பெறும் பள்ளிக்கூடங்களை அரசாங்கம் எடுத்தாப் பிறகுதான் கன விசயம் மாறினது. அந்தப் பாதர்மாரிட்டப் படிச்ச சைவப் பிள்ளையள் பின்னேரம் பத்திரகாளி கோயிலடியில நிண்டதுதான், ஒருத்தரும் ஒண்டையும் இழக்கேல்ல. உங்கட மாமிக்கு என்ர வணக்கத்தைச் சொல்லுங்கோ.

அவவிட்ட இன்னொண்டும் கேளுங்கோ, குருத்தோலையில தோரணம் பின்னத் தெரியுமோ எண்டு. கட்டாயம் தெரிஞ்சிருக்கும். கோயில் தோரணத்துக்கு வெட்டுற அதே ஓலைதான் சிலுவைக்கும். ஓலையில இருந்து ஈர்க்கை உரிச்சு எடுங்கோ, ரெண்டு நீளத் துண்டு வரும். ஒண்டை நாலா மடிச்சு நெடுக்குக் கட்டை மாதிரி எடுத்து, மேல மூண்டில ஒரு பங்கில கத்தி நுனியால ஒரு கீறல் போட்டு, மற்றத் துண்டை மடிச்சு அதுக்குள்ளால குறுக்க விடோணும். பிறகு மெல்லிய கிழிசல் ஒண்டால நடுவில பெருக்கல் அடையாளம் மாதிரிச் சுத்தி, முனையைப் பின்பக்கம் செருகி விட்டாச் சரி. கீறல் போடுறது பெரியாக்கள், மடிக்கிறதும் செருகிறதும் பிள்ளை.

வியாழன் பின்னேரம் வெட்டினாப் போதும், முந்தி வெட்டினா மஞ்சள் போய்ப் பழுப்பாகி மடிக்கேக்க வெடிக்கும். ஈரத்துணியில சுத்தி பிரிஜ்ஜுக்குள்ள வையுங்கோ. கோட்டைப் பக்கத்தால கொண்டு போறதெண்டா ஓலையைப் பைக்குள்ள வையுங்கோ, அங்கத்தை மானுகளுக்குப் பிள்ளையின்ர ஹோம்வேர்க் எண்டெல்லாம் தெரியாது.

பாலையூற்று அக்கா:

ஐயா சொன்னதோட ஒண்டு சேர்க்கிறன். செய்து முடிஞ்ச சிலுவையைக் குப்பையில போட வேண்டாம், காய விட்டு வைச்சிருங்கோ. அடுத்த வருஷத் திருநீற்றுப் புதனுக்கு நெத்தியில பூசுற சாம்பல் இந்த வருஷக் குருத்தோலையை எரிச்சுத்தான் எடுக்கிறது. வீட்டில வைச்சிருக்க மாமிக்கு விருப்பமில்லை எண்டா மகள் அதை ரீச்சரிட்டயே குடுக்கலாம், அவை சேர்ச்சில சேர்த்திடுவினம்.

உண்டியலுக்கு நாங்கள் முந்தி பிடியரிசி எடுக்கிறனாங்கள், உலையில போட முதல் ஒரு பிடி அரிசி தனியா ஒரு டின்னுக்குள்ள. இப்ப பள்ளிக்கூடங்கள்ல காசுதான் கேக்கினம். வழமையாத் தவக்காலக் காசு கரித்தாஸ் எண்ட கத்தோலிக்க உதவி அமைப்புக்குப் போறது, உங்கட வகுப்புக் காசு எங்க போகுது எண்டு ரீச்சரைக் கேக்கலாம், கேக்கிறதில பிழையில்லை.

உவர்மலை அம்மா:

எல்லாருக்கும் நன்றி, இவ்வளவு பேர் எழுதுவினம் எண்டு நினைக்கேல்ல. இண்டைக்குக் காலமை ரீச்சரிட்டத் தனியாக் கதைச்சன். வெள்ளிக்கிழமை வாறதும் விடுறதும் எங்கட விருப்பமாம், சைவப் பிள்ளையள் இன்னும் சிலபேர் படம் மட்டும் கீறிக் குடுக்கினமாம். மகள் சொல்லியே தீருவன் எண்டு நிக்கிறா, அதால நான் பின்னுக்குப் போய் நிக்கப்போறன்.

மாமியிட்டத் தோரணக் கதையைச் சொன்னன். "அதென்ன நாலா மடிக்கிறது, மூண்டா மடிச்சாத்தான் இறுக்கமா நிக்கும்" எண்டு இப்பவே சண்டைக்கு வாறா. உண்டியல் பெட்டியும் சாமி அறை வாசல்ல அவவின்ர மேசைக்குப் போயிட்டுது, வாற போற ஆக்களிட்ட எல்லாம் சில்லறை கேக்கிறா.

இனி ஒரேயொரு பிரச்சினை. உவர்மலையில எங்கட வாடகை வீட்டில தென்னை இல்ல. குருத்தோலை கடையில வாங்கலாமோ?

பழைய மாணவன்:

பூக்கடையளில சொல்லி வைச்சா எடுத்துத் தருவினம், ஆனா அந்தக் கிழமை குருத்து ஞாயிறுக்குச் சேர்ச்சுகளுக்கும் ஓலை போறதால விலை ஏத்திச் சொல்லுவினம். தெரிஞ்ச வளவு இருந்தா அதுதான் நல்லம். ஒண்டு கவனம், மரம் ஏறுறவரிட்ட விரியாத ஓலை ஒண்டு மட்டும் எடுக்கச் சொல்லுங்கோ, நடுக் குருத்தோட சேர்த்து ஆழமா வெட்டினா மரம் பட்டுப் போயிடும்.

சோக்கட்டி ரீச்சர்:

என்ர வீட்டு வளவில ரெண்டு மரம் நிக்குது, எங்கட வகுப்புக்கும் வியாழன்தான் வெட்டுறம். உங்களுக்கும் ஒரு கட்டு எடுத்து வைக்கிறன், பிரைவேட் மெசேஜ் போடுங்கோ, நாலரைக்குப் பிறகு வந்து எடுக்கலாம். மாமியையும் கூட்டிக்கொண்டு வாங்கோ, அந்த மூண்டு மடிப்பை நானும் பாக்கோணும்.